கண்ணுக்குள் ஒரு கான்

ஒரு வருஷமாகவே எனக்கு அந்தி நேரத்தில் விளக்குகளைச் சுற்றி நிற வளையங்கள் தெரிந்துகொண்டிருந்தன. உள்ளே நீலம், வெளி ஓரத்தில் சிவப்பு, நடுவில் மங்கலான மஞ்சளும் பச்சையும். சில நாட்களில் தெரியும், பல நாட்களில் தெரியாது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பனி இறங்காத அந்திப்பொழுது குறைவு. பனியில் எல்லாருக்கும் விளக்கு அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தலவாக்கலை டவுனில் ஒற்றை அறையில் ஒரு தையல்கடை. சேலை ஜாக்கெட்டுகளும் பள்ளிக்கூட உடுப்புகளும் தைப்பேன். வீடு வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்பு பார்க்கிற வேலை. மகள் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஒரே பஸ்ஸில் கிளம்புவோம், அவர் ரோடு வளைகிற ஸ்டோர் முடக்கில் இறங்கிக்கொள்வார், நான் டவுனுக்குப் போவேன்.

இது நடந்தது நல்ல மழைக்காலத்தில். மூன்று நாளாகச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. துணியின் மேல் சொட்டிவிடுமோ என்ற பயத்தில் பார்மசியில் சளிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாலரைக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் ஒரு கல்யாணம். பெண்ணின் ஜாக்கெட்டும் அவளுடைய தங்கச்சிமாரின் ஜாக்கெட்டும் என்னிடம் இருந்தன. ஊக்கு வைத்து ஓரம் அடிக்கிற வேலைதான் பாக்கி. சார்ஜ் விளக்கை மெஷின் மேல் வைத்துக்கொண்டு, என் தடித்த கண்ணாடியோடு குனிந்தபடி தைத்தேன். விளக்கிலும் சார்ஜ் குறைவு. அறையில் முக்கால்வாசி இருட்டு.

ஐந்தரை மணி இருக்கும். வலது புருவத்துக்கு மேலே ஒரு வலி தொடங்கியது. சளி நெற்றியில் கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் அது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளிருந்து யாரோ பெருவிரலால் கண்ணை வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது. கடைசி ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போது கரண்ட் வந்தது. தெருவில் எல்லாக் கடை விளக்குகளையும் சுற்றி வளையங்கள். வழக்கத்தைவிடப் பெரியவை. அழகாகக்கூட இருந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் தெருவோரச் சாக்கடைப் பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். அதுவும் நிற்கவில்லை.

"பனி இன்னைக்கு ரொம்ப மோசங்க. லைட்டெல்லாம் ஒரே வட்டம் வட்டமா இருக்கு" என்றேன்.

அவர் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். "பனியே இல்லையே புள்ள. மழை விட்டு வெளிச்சுக் கெடக்கு. கோயில் லைட்டு வரைக்கும் சுத்தமாத் தெரியுது."

எனக்கு அதைப் பற்றி யோசிக்கிற நிலைமை இல்லை. தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துப்போனார். அங்கே மருந்து கொடுக்கிற ஐயாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: வாந்தி, தலைவலி, பித்தம் மாதிரி இருக்கிறது. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் வலித்தது உண்மை. ஆனால் தலை முழுக்கவும்தான் வலித்தது. வாந்தி எடுக்கிறவளுக்குக் கண்ணிலா கோளாறு இருக்கும் என்பதுதான் என் நினைப்பு. அவர் நான் சொன்னதற்கு ஏற்ற மருந்தைக் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாத்திரையையும் வெந்நீரையும் நீட்டிய வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவர் எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கிறவர்.

"இங்க திரும்பு. வெளிச்சத்தைப் பாரு."

பார்த்தேன். வெளிச்சம் குத்தியது.

"ஒரு பக்கத்துக் கண்மணி சின்னதா இருக்கு. இந்தப் பக்கம் பெருசா இருக்கு புள்ள. பெருசா, சாம்பல் பூத்த மாதிரி. கண்ணும் செவந்து கெடக்கு."

"சளியா இருக்கும்ங்க."

"சளிக்கு எங்கயாவது கண்மணி பெருசாகுமா? இடது கண்ணைப் பொத்திக்கிட்டு என்னையப் பாரு."

கையால் இடது கண்ணைப் பொத்தினேன். அவர் முகம் காணாமல் போனது. ஆள் நிற்பது தெரிந்தது, வெள்ளைத் துணியை நனைத்து நடுவில் தொங்கவிட்டதுபோல. மூக்கு, வாய் ஒன்றும் தெரியவில்லை.  கையை எடுத்துவிட்டு மறுபடியும் பொத்திப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது.

அவர் மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.

லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஒவ்வொரு முடக்கிலும் வலி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்ந்தது. நான் பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டு, இனி ஊசியில் நூல் கோர்க்க முடியுமா என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கண்ணால் நூல் கோர்க்க முடியாது என்றில்லை. ஆனால் இரண்டு கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. எங்கள் அம்மாவுக்கு இரண்டும் போனது.

ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டொக்டர் ஒரு இளம் பெண், யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. கூட நின்ற சிங்கள நர்ஸ் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எப்ப துவங்கினது அம்மா இந்த நோ?" என்று டொக்டர் கேட்டார்.

நோ என்று அவர் வலியைச் சொல்கிறார் என்பது புரிய ஒரு நொடி ஆனது. "நேத்து அந்தியிலங்க. வாந்தி வேற. பித்தம்னு நெனைச்சோம்."

"வெளிச்சத்தைச் சுத்தி நிறம் நிறமா வளையம் தெரிஞ்சதோ?"

வீட்டுக்காரர் எனக்கு முந்திக்கொண்டார். "தெரிஞ்சிச்சுங்க. பனி இல்லாதப்பவே பனின்னு சொன்னா."

டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேலே இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் மெதுவாகத் தொட்டு அமுக்கிப் பார்த்தார். முதலில் இடது கண், பிறகு வலது. பிறகு என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். இடது கண் பழுத்த தக்காளி மாதிரி அமுங்கியது. வலது கண் அமுங்கவில்லை. உள்ளே ஒரு கூழாங்கல் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. மெஷினில் தாடையை வைத்துக் கண்ணின் பிரஷர் பார்த்தார்கள். கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றினார்கள். விழுங்க ஒரு மாத்திரை, கண்ணில் மூன்று விதச் சொட்டுகள். சொட்டுகளைக் கால்மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து விட்டாள். ஒவ்வொரு தடவையும், "தவ டிங்கக் இவசன்ன அம்மே" என்று சொன்னாள், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று. மருந்தின் வேலையால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க ஓட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் மருந்துப் போத்தலைக் கொடி பிடிப்பதுபோல் உயர்த்திக்கொண்டு கூடவே வந்து பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றார். அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்த வலியிலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கொஞ்சம் கழித்து வலி தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும். குறையவில்லை, விட்டது. பிடித்திருந்த கை ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டு போனது. நான் மூச்சை இவ்வளவு நேரமாக அடக்கியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த கட்டிலில் ஒரு சிங்களப் பெரியம்மா, கண்ணில் வெள்ளை விழுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர், பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஒன்றை என்னிடமும் நீட்டினார். வாங்கித் தின்றேன். வயிற்றில் நின்றது.

டொக்டர் மறுபடி வந்து பார்த்தபோது அவர் முகமும் இளகியிருந்தது.

"பிரஷர் இறங்கீட்டுது. நல்ல நேரத்துக்கு வந்திட்டீங்கள். இன்னும் ரெண்டு மூண்டு நாள் வீட்டிலையே கிடந்திருந்தா இந்தக் கண் போயிருக்கும்."

"போனா அந்தம்மாவுக்குச் செஞ்ச மாதிரி ஆபரேஷன் செஞ்சு திரும்பப் பார்வை கொண்டுவர முடியாதுங்களா?" என்று வீட்டுக்காரர் பக்கத்துக் கட்டிலைக் காட்டிக் கேட்டார்.

"அது வேற வருத்தம் ஐயா, வேற நோய். அவவுக்குக் கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப்போச்சு. அதை எடுத்துப்போட்டு வேற லென்ஸ் வைக்கலாம். திரும்பப் பார்வை வரும். இது பிரஷர் கூடி, கண்ணிலையிருந்து மூளைக்குப் போற நரம்பை நசிக்கிறது. நரம்பு செத்தாச் செத்ததுதான். அதுக்கு மாத்து இல்லை."

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள்ளே ஒரு தண்ணீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறதாம், கண்ணீர் வேறு, இது வேறு. கண்மணியின் துவாரம் வழியாக அது முன்பக்கம் வந்து, கருவிழியின் ஓரத்தில் சுற்றிலும் இருக்கிற வடிகாலில் இறங்கிப் போய்விடும். ஊறுகிறதும் வடிகிறதும் சமமாக இருந்தால் பிரச்சினை இல்லை. என்னைப் போல எப்போதும் பெரிதாக்கிக் காட்டும் தடித்த கண்ணாடி போடுகிறவர்களின் கண் அளவில் கொஞ்சம் சின்னது. உள்ளே இடம் நெருக்கம். வயதாக ஆக லென்ஸும் தடிக்க, நெருக்கம் இன்னும் கூடுகிறது. இருட்டில் கண்மணி விரியும்போது அதைச் சுற்றியுள்ள நிறத்திரை ஓரமாகச் சுருண்டு வடிகாலை அடைத்துவிடுகிறது.

எனக்கு அது உடனே பிடிபட்டது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி ஓரிடத்தில் கொசுவிக்கொண்டு வந்து நிற்கும் இல்லையா, அந்த மாதிரி. அதைச் சொன்னேன்.

"ஓம், அதுதான்" என்று டொக்டர் சிரித்தார். "நான் இனி மற்ற ஆக்களுக்கும் இதைத்தான் சொல்லப்போறன்."

சளிக்குப் போட்ட மாத்திரையைப் பற்றியும் கேட்டார். சில சளி மாத்திரைகள் கண்மணியை விரிய வைக்குமாம். என்னைப் போன்ற கண் உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாதாம். மங்கிய விளக்கு, குனிந்த தலை, மாத்திரை, எல்லாம் ஒரே அந்தியில் சேர்ந்துகொண்டன. வருஷம் முழுக்கத் தெரிந்த வளையங்கள், வடிகால் அரைகுறையாக அடைத்துப் பிறகு தானாகத் திறந்த நாட்களாம்.

மறுநாள் இடது கண்ணுக்கு லேசர். அது இன்னும் அடைக்கவில்லை, ஆனால் அடைக்கக் காத்திருந்தது. வலது கண்ணின் புகைச்சல் தெளிய இன்னும் இரண்டு நாள் பார்த்து அதற்கும் செய்தார்கள். சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்து, ஒரு சின்னக் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிப் பிடித்து, சுண்டிவிட்டதுபோல நாலைந்து தடவை. மேல் இமைக்கு அடியில் மறைகிற இடத்தில், நிறத்திரையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. முன்வாசல் அடைத்தால் தண்ணீர் அந்த வழியாக வந்துவிடும். வலி என்று சொல்ல முடியாது, ஒரு திடுக்கிடல், அவ்வளவுதான். பேர் தெரியாத ஒரு கதவைத் திறந்துவிட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போகிற அன்று டொக்டர் கேட்டார், "கூடப்பிறந்த ஆக்கள் இருக்கினமோ?"

"ஒரு அக்கா இருக்காங்க. கொழுந்து எடுக்கிறாங்க."

"அவவும் கண்ணாடி போடுறவவோ?"

"இல்லைங்க. போடணும். போடமாட்டாங்க. ஊசியில நூல் கோர்க்க என்கிட்டத்தான் வருவாங்க."

"கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. இந்தக் கண் அமைப்பு ஒரு குடும்பத்துக்குள்ள வாறது. அவவுக்கு ஒண்டும் வருத்தம் இல்லாட்டியும் வரச் சொல்லுங்கோ."

அக்கா அதே தோட்டத்தில் மேல் டிவிசனில் இருக்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாற்பது வருஷமாகக் கூடைக்கயிற்றை நெற்றியில் மாட்டி இழுத்த தலை. அவளுக்கு எப்போதும் தலைவலி. அந்தத் தலைவலிக்கு எங்கள் வீட்டிலும் லயத்திலும் ஒரே காரணம்தான், கயிறு. ஞாயிற்றுக்கிழமை நான் படி ஏறிப் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கண்ணைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டை போட்டாங்கன்னியே, எங்க? தெரியலயே."

"தெரியாதுக்கா. இமைக்கு அடியில."

"லேசர்னா நெருப்புத்தானே. கண்ணுல நெருப்பு வச்சிட்டு வந்து சிரிக்கிற."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவே இல்லை. "எனக்கு என்னா? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. எட்டத்துல கங்காணி வாறது மொதல்ல எனக்குத்தான் தெரியும்."

"அந்தியில தலை வலிக்குதுன்னு சொல்லுவியே."

"கயிறு இழுக்குது. வலிக்காம என்னா செய்யும்?"

"கயிறு நெத்தி முழுக்கத்தானே இழுக்குது. ஒனக்கு ஒரு பக்கம் மட்டும்தானே வலிக்குது?"

அவள் மறுபடி கூடையைத் துடைக்கத் தொடங்கினாள். டொக்டர் போட்டுக் கொடுத்த படத்தை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு அது ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். நாடாவும் கொசுவமும் அவளுக்கு எடுபடவில்லை. அவள் தைக்கிறவள் இல்லை. பிறகு எனக்கு வேறு ஒன்று தோன்றியது.

"மழை பேஞ்சா மலையில தண்ணி எங்கக்கா போகுது?"

"கான்ல போகுது. வேற எங்க போகும்?"

தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவில் வெட்டி வைத்திருக்கிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். அக்கா கொழுந்து இல்லாத காலங்களில் கான் வெட்டப் போனவள்.

"கான்ல மண்ணு சரிஞ்சு அடைச்சிருச்சுன்னா?"

"தண்ணி தேங்கும். பொறகு ஒரே அடியா ஒடைச்சிக்கிட்டுப் போயிரும், தேயிலையோட. அதுக்குத்தானே மழைக்கு முந்தியே கான் வழிக்கிறது."

"கண்ணுக்குள்ளயும் ஒரு கான் இருக்கு. எனக்கு அது அடைச்சிருச்சு. ஒனக்கும் அடைக்குமான்னு அடைக்கிறதுக்கு முந்தியே பார்க்கணுங்கிறாங்க."

அக்கா கூடையைக் கீழே வைத்தாள். 

"அப்போ அம்மாவுக்கு?" என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே அந்தக் கேள்வி எனக்குள் வந்துவிட்டது. அதை அவளிடம் முதலில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். அம்மாவுக்குக் கண் போனபோது எனக்குப் பதினாலு வயது. கொழுந்து எடுக்கும்போது தேயிலை வாது, அதாவது குச்சி, கண்ணில் குத்திவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

"வாதும் குத்தல, ஒண்ணும் குத்தல" என்றாள் அக்கா. "ஒரு நாள் அந்தியில செவுத்துல தலைய முட்டிக்கிட்டு வாந்தி எடுத்துச்சு. மிளகு அரைச்சிப் பத்துப் போட்டோம். மூணு நாள் கெடந்திச்சு. எந்திரிச்சப்போ அந்தப் பக்கம் தெரியலன்னிச்சு. அடுத்த வருஷம் மத்தக் கண்ணும் அப்படியே. குப்பி லாம்ப சுத்தி வானவில்லு தெரியுதுன்னு சொல்லும். எங்களுக்கு வெளையாட்டுக் காட்டுதுன்னு நெனைச்சோம்."

அம்மா செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு இருந்தது இதே வியாதிதான் என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. டொக்டரிடம் பிறகு கேட்டபோது அவரும், இருந்திருக்கலாம், பார்க்காமல் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்த வாசலில் உட்கார்ந்து அழுதோம். அக்காவின் மருமகள் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். 

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டாள், "எந்தக் கிழமை போகணும்?"

அவளுக்கு ரயிலில் போக ஆசை. பஸ்ஸில் வாந்தி வரும் என்றாள். வட்டகொடையில் ஏறினோம். ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். வழி நெடுகிலும் எந்தத் தோட்டத்தில் கொழுந்து முற்றவிட்டிருக்கிறார்கள், எந்தத் தோட்டத்தில் புல் வெட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பயந்தால் அவள் அப்படித்தான் பேசுவாள். நானுஓயாவில் இறங்கி வேனில் நுவரெலியாவுக்குப் போனோம்.

அதே டொக்டர். அக்காவின் கண்ணில் கண்ணாடி வைத்த ஒரு கருவியை ஒட்டிப் பிடித்து, அதற்குள்ளிருக்கும் சின்னக் கண்ணாடியில் வடிகாலின் மூலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கதிரையில் உட்கார முடியாமல் நின்றேன். எனக்கு நடந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. நாற்பது வருஷத் தலைவலியை நாங்கள் கயிற்றின் மேல் போட்டு விட்டிருக்கிறோம். அதில் எத்தனை கயிறு, எத்தனை கண், யாருக்குத் தெரியும்? நரம்பு நசிந்திருந்தால் அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். அதற்கு மாத்து இல்லை.

பிறகு வெளிச்சம் அடித்து, கண்ணின் பின்பக்கத்தையும் பார்த்தார். மெஷினில் உட்கார வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அக்கா கொழுந்து கிள்ளுகிற வேகத்தில் அமுக்கினாள். தாள் வெளியே வந்தது. டொக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார்.

"மூலை நல்ல நெருக்கம். உங்களுக்கு இருந்ததைவிட நெருக்கம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "ஆனா நரம்பு நல்லா இருக்கு அம்மா. ரெண்டு கண்ணிலையும். ஒரு சேதமும் இல்லை. இண்டைக்கே லேசர் செய்துவிட்டா நீங்கள் பயமில்லாமல் இருக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னா சொல்றாங்க?"

"அடைக்கலயாம்க்கா. கான் வழிச்சி விடுறேங்கிறாங்க."

"அப்போ வழிக்கச் சொல்லு" என்றாள்.

நான் வெளியே வந்தேன்.  வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். ஸ்டோர் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "நல்லம், நல்லம், நரம்பு நல்லா இருக்கு" என்று மூன்று தடவை கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "மதினிக்குத்தானே? மதினிக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

லேசர் முடிந்து ஒரு மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பிரஷர் பார்த்தார்கள். சரியாக இருந்தது. போகும்போது அக்கா டொக்டரிடம் தானாகவே பேசினாள்.

"நாளைக்குப் பெரட்டுக்குப் போகலாங்களா?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தைத்தான் பெரட்டு என்பது. டொக்டருக்கு அது விளங்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்.

"ரெண்டு நாள் ஆறுதலா இருந்திட்டுப் போங்கோ அம்மா."

இப்போது எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். வலது கண்மணி இன்னும் இடதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. அது அப்படியே இருந்துவிடும் என்றார்கள். வெயிலில் அந்தக் கண் கூசும், நரை விழுந்த தலையில் தொப்பி போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நூல் கோர்க்க முடிகிறது. அந்தியில் கடையில் இப்போது இரண்டு நல்ல விளக்குகள். அக்காவுக்கு அந்தியில் வந்த தலைவலி அடியோடு நிற்கவில்லை. பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி உண்மையிலேயே கயிறுதான் போலிருக்கிறது.

டொக்டர் சொன்ன இரண்டு நாளை அக்கா ஒரு வாரமாக எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவளுக்கும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். அரிசியில் இவ்வளவு கல் இருக்கிறதா என்று என்னைத் திட்டினாள். மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியவில்லை என்று என்னுடன் கடைக்கு வந்து, ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு தைத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். தானே ஊசியில் நூல் கோர்த்தாள். ஒன்பது ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்து அடுக்கி வைத்துவிட்டு, எப்படி என்று என்னைப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தேன். தையல் நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. ஊக்குகள் அத்தனையும் பக்கம் மாறியிருந்தன. "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, அவளைப் பஸ் ஏற்றிய பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன்.